துடுப்பின் விசை காலிற் பிறக்கிறது

கண்டி அஸ்கிரிய மைதானத்தின் மேட்டில் அமர்ந்து பள்ளிச் சிறுவர் பந்தடிப்பதைப் பார்த்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு தீர்ப்பு எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும். "கை இவ்வளவு மெலிந்திருக்கிறதே, இவன் அடித்தால் பந்து எங்கே போகப்போகிறது!" என்பதே அது. ஆடுவது பெண் பிள்ளையாயின் அத்தீர்ப்போடு ஒரு சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆயின், அன்பர்களே, பந்தைத் தூரம் அனுப்பும் விசை கையிற் பிறப்பதன்று. அது நிலத்தை ஊன்றிய காலிற் பிறந்து, இடுப்பின் வழியே ஏறி, தோளைக் கடந்து, எல்லாவற்றுக்கும் பின்னரே கைக்கு வந்து சேருகிறது.

இதற்குச் சான்று தேடுவோர் நமது கிரிக்கெட்டை விட்டுச் சற்று அப்பாற் செல்லவேண்டும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மக்கள் உயிராகக் கருதும் பேஸ்போல் ஆட்டத்திலே இவ்வுண்மை வெகு தெளிவாகப் புலப்படுகிறது. (நம் நாட்டிலும் அவ்வாட்டம் உண்டு, ஹோமாகமவை அடுத்த தியகமவில் ஜப்பானியர் உதவியோடு அமைந்த மைதானமும் இருக்கிறது.) அங்கே பந்து நிலத்திற் பட்டு எழும்பி வருவதில்லை. எறிபவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையிலுள்ள தூரம் 18.44 மீற்றர். வேகமாக எறியப்பட்ட பந்து அத்தூரத்தை ஏறத்தாழ 0.4 செக்கனிற் கடந்துவிடும். கண் இமைக்கும் அந்த நேரத்தில், உருண்டைத் தடியொன்றை முழு வேகத்தில் வீசியாகவேண்டும்.

அவன் அதனை எவ்வாறு செய்கிறான் என்று பாருங்கள். முதலில் உடலின் பாரத்தைப் பின்காலில் ஏற்றுகிறான். பின்னர் முன்காலைத் தூக்கி, பந்து வரும் திசை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கிறான். அக்கால் நிலத்தில் ஊன்றியதும் இடுப்பு திரும்பத் தொடங்குகிறது. கைகளோ இன்னும் பின்னாலேயே காத்திருக்கின்றன. இடுப்பைத் தொடர்ந்து தோளும், தோளைத் தொடர்ந்து கையும், ஈற்றில் தடியும் பாய்கின்றன. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதனை அளந்தே காட்டியது. முன்கால் ஊன்றும்போது அதில் இறங்கும் விசை ஆட்டக்காரனின் உடல் எடையில் நூற்றுக்கு 123 பங்கு. இடுப்பு செக்கனுக்கு 714 பாகை வேகத்திலும், அதன்பின் தோள் 937 பாகை வேகத்திலும் திரும்புகின்றன. தடியோ செக்கனுக்கு 31 மீற்றர், அதாவது மணிக்குச் சுமார் 112 கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன்னதன் வேகத்தை வாங்கிப் பெருக்கி அடுத்ததற்குக் கொடுப்பதை இவ்வெண்களிற் காணலாம்.

முன்கால் எதற்காக இத்துணை உறுதியாக ஊன்றவேண்டும்? கடுகண்ணாவை இறக்கத்திலே பேருந்தில் நின்றுகொண்டு பிரயாணம் செய்தவர்களுக்கு விடை தெரியும். சாரதி திடீரெனத் தடையை அழுத்தினால் நம் கால் பேருந்தோடு நின்றுவிடும். தலையும் தோளும் முன்னே பாயும். முன்காலும் அத்தகைய தடையே. கீழே ஓட்டம் நிற்க, மேலே உள்ளவை விரைகின்றன.

ஜப்பானிய வீரர் சதஹாரு ஓ இதிற் பேர்பெற்றவர். 1962ஆம் ஆண்டில் தம் பயிற்சியாளர் அரகாவாவின் வழிகாட்டலில் அவர் ஒற்றைக் காலில் கொக்கைப்போல் நின்று பந்தை எதிர்பார்க்கும் முறையைக் கைக்கொண்டார். பார்ப்பதற்கு வேடிக்கையான நிலைதான். ஆயினும் 1980இல் ஓய்வு பெறுமுன் 868 முறை பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டார்.

கிரிக்கெட்டில் எல்லா அடியும் இவ்வாறு இடுப்பைச் சுழற்றுவதில்லை. துடுப்பை நேராக இறக்கி அடிக்கையில் சுழற்சி குறைவு, பாரம் முன்காலுக்கு மாறுவதே பெரிது. கண்டி திரித்துவக் கல்லூரியில் ஆடி வளர்ந்த குமார் சங்கக்கார, முழங்காலை மடித்துத் தாழ்ந்து பந்தை விரட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படத்திற் கையை விட்டுக் காலைப் பாருங்கள். எழும்பி வரும் பந்தைக் குறுக்காக வீசி அடிக்கும்போதோ கிரிக்கெட்காரரும் பேஸ்போல்காரருக்கு உறவினர் ஆகிவிடுகிறார்.

உண்மையில் மலைநாட்டாருக்கு இது புதிய பாடமன்று. கண்டிய நடனம் பயில வரும் பிள்ளைக்குக் குரு முதலிற் கற்பிப்பது 'மண்டிய' எனும் நிலை: பாதங்களை அகற்றி, முழங்கால்களை வெளிப்புறம் மடித்து, முதுகை நிமிர்த்தி நிற்றல். கையசைவெல்லாம் அதற்குப் பிறகே. ஹந்தானைச் சரிவிலே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் அனுபவசாலியும் கத்தியை ஓங்குமுன் காலை ஊன்ற இடம் பார்க்கிறார். அவர்தம் பிள்ளைகள் சரிவுகளில் ஏறி இறங்கிப் பள்ளிக்குச் சென்று காலை உரமாக்கிக்கொண்டவர்கள். கை மெலிவைக் கண்டு அவர்களை அணியிலிருந்து ஒதுக்குபவர் எதை அளக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு நேர்வது இன்னும் கொடிது. ஐந்து வயது முதல் "காலை ஒடுக்கி நில்" என்று சொல்லி வளர்க்கிறோம். பத்து வயதில் அதே பிள்ளையின் கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டு, பந்து போகவில்லையே என்று நகைக்கிறோம். அகற்றி ஊன்றக் கூடாத காலிலிருந்து விசை எங்ஙனம் பிறக்கும்?

ஐயமுள்ள தாய்மார் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையை உயரமான வாங்கில், கால் நிலத்திற் படாதபடி அமர்த்தி ஒரு பந்தை எறியச் சொல்லுங்கள். பிறகு முற்றத்தில் நின்று, ஓர் அடி எடுத்து வைத்து எறியட்டும். இரண்டு தூரங்களையும் அடியால் அளந்தால் போதும்.

அதன்பின் பந்தில்லாமலே பழக்கலாம். பாதங்களைத் தோளகலத்துக்குச் சற்று மேலாக அகற்றி, முழங்காலை இலேசாகத் தளர்த்தி, பந்து வரும் திசைக்குப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். ஒரு தடியை இடுப்புக்குக் குறுக்கே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தொப்புள் அத்திசையை நோக்கும்வரை திரும்பவேண்டும். பின்காலின் குதி தானாகவே நிலத்தை விட்டு எழும். அது எழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுப்பு பூட்டிக்கொண்டது என்று பொருள். திரும்பவேண்டிய பங்கை முதுகின் அடிப்பகுதி சுமக்க நேர்ந்து, நாளடைவில் வலிக்கும். ஒரு வேளைக்குப் பத்து முறை போதுமானது. மழை பெய்த ஈரப் புல்லிலும், வழுக்கும் செருப்போடும் இது வேண்டா. காய்ந்த சீமெந்து முற்றமே நல்லது.