கணினியைப் பழிக்காதீர்! மூலத்தை அழிக்காதீர்!



சில செய்திகளை நயமாகச் சொல்லிப் பயனில்லை. ஆகவே இன்று சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். மனம் நோகுமாயின் பொறுத்தருள்க. ஆனால் படித்துவிட்டுப் பொறுத்தருள்க.

குருண் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம். முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பழைய விளையாட்டுப் போட்டிக் காணொளி ஒன்றைத் திரையிட்டார்கள். பள்ளி தோட்டத்திற்குள் இருந்த காலத்தில், 1990களின் இறுதியில், விஎச்எஸ் பேழையில் பதிவு செய்யப்பட்டது அது. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயங்களும் இல்லை, திடலும் இல்லை. அந்தப் பேழையில் மட்டுந்தான் அவை இருந்தன.

படம் ஓடியது என்று சொல்ல மாட்டேன், விக்கியது. அஞ்சலோட்டத்தில் பிள்ளைகள் நொடிக்கு நொடி தடுக்கித் தடுக்கி ஓடினார்கள். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். உடனே ஒருவர் எழுந்து, "கணினி பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நிதி திரட்டவும் பேச்சு தொடங்கிவிட்டது.

நான் அந்தக் கோப்பை வாங்கி வந்து புதிய கணினி ஒன்றில் ஓடவிட்டேன். அதே விக்கல்! விஎல்சி மென்பொருளில் படத்தை நிறுத்திவிட்டு 'இ' விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டினேன். ஐந்து படச்சட்டங்கள் நகர்ந்தன. ஆறாவது, ஐந்தாவதின் நகலாகவே நின்றது. மீண்டும் ஐந்து நகர்வு, ஒரு நிற்பு. நோய் கணினியில் இல்லை, கோப்பில் இருக்கிறது.

காரணம் எளியது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1978இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது நாம் ஏற்றுக்கொண்டது 'பால்' முறை (இது மரத்துப் பால் அன்று!). அதில் நொடிக்கு 25 படச்சட்டங்கள். அமெரிக்க முறையில் ஏறத்தாழ 30. வடிவம் மாற்றும் இலவச மென்பொருளில் 30 என்று இருந்ததை எவரும் பார்க்கவில்லை; 'தொடங்கு' என்பதை மட்டும் அழுத்தினார்கள். இருபத்தைந்தை முப்பதாக்க மென்பொருள் என்ன செய்யும்? ஐந்துக்கு ஒன்றை இரட்டிக்கும். நொடிக்கு ஐந்து முறை தடுக்கல். தலைகீழாக, கைத்தொலைபேசியில் 30இல் எடுத்ததை 25ஆக்கினால், ஆறில் ஒன்றை வீசிவிடும். அப்போதும் தடுக்கல்தான்.

இரட்டித்த படச்சட்டங்களை நீக்கிவிட்டேன். ஓட்டம் ஓரளவு சீரானது. ஆனால் இன்னொரு கேடு அதில் இருந்தது. பழைய பேழையில் ஒவ்வொரு படச்சட்டமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டிருக்கும். நொடிக்கு 50 பாதிகள். அவற்றை முறையாகப் பிரிக்காமல் படத்தின் அளவை மாற்றியதால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஓடும் பிள்ளைகளின் விளிம்பெல்லாம் சீப்புப் பல். இதை எந்த மென்பொருளும் முழுமையாகச் சரிசெய்யாது.

"மூலப் பேழையைக் கொடுங்கள், மறுபடி ஏற்றுவோம்" என்றேன். வந்த மறுமொழி: "அதுதான் கணினியில் ஏற்றியாகிவிட்டதே சார், பேழையைக் குப்பையில் போட்டுவிட்டோம்."

என் கோபம் இதற்குத்தான்.

"ஆசிரியருக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பள்ளிகளுக்கு வந்தன. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாமே காணொளிப் பாடங்களைத் தயாரித்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் கருவி இருந்தும், கோப்பு எது, கொள்கலன் எது என்று தெரியாமல் இருப்பது பெருமையா? மாணவன் விடையைச் சரிபார்க்காமல் தாளைக் கொடுத்தால் கண்டிக்கிறோம். மாற்றிய கோப்பை ஒரு முறையேனும் முழுமையாக ஓட்டிப் பார்த்தோமா?

"நேரமில்லை" என்பது அடுத்த சாக்கு. நிதி திரட்டக் கூட்டம் போட நேரம் இருந்தது. ஒரு விசையை ஆறு முறை தட்ட நேரம் இல்லையா?

எல்லாக் குற்றமும் கோப்பின்மீது என்று நான் வாதிடவில்லை. கணினி உண்மையிலேயே திணறுவதும் உண்டு. புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் எச்.265 முறையில் பதிவாகும். அதை விரிக்கும் வன்பொருள் பழைய மடிக்கணினிகளில் இராது. ஆகவே பணத்தை எடுக்குமுன் சோதியுங்கள்:

1. மூலக்கோப்பை அதே கணினியில் ஓடவிடுங்கள். மூலம் சீராக ஓடி, மாற்றியது மட்டும் விக்கினால், மாற்றிய முறையைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

2. விஎல்சியில் 'கண்ட்ரோல்', 'ஜே' விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். படச்சட்ட வேகமும் குறிமுறையும் தெரியும். புள்ளிவிவரப் பகுதியில் 'இழந்த படச்சட்டங்கள்' ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது. அது சுழியமாகவே இருந்தும் படம் விக்கினால் கோப்பை ஐயுறுங்கள்.

3. விரலியிலிருந்து நேரே ஓட்டாதீர்கள். கணினிக்குள் படியெடுத்து ஓட்டிப் பாருங்கள். சில வேளைகளில் நோய் அவ்வளவுதான்.

4. மாற்றியே ஆகவேண்டுமெனில், படச்சட்ட வேகத்தை மூலத்தில் உள்ளவாறே விடுங்கள். கைத்தொலைபேசிப் பதிவில் வேகம் ஏறியிறங்கும். தொகுக்குமுன் அதை நிலையான வேகத்திற்குக் கொண்டுவாருங்கள். இன்றேல் ஒலி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகும்.

5. எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பவை பாத்திரங்கள். உள்ளே இருப்பதுதான் சோறு. பாத்திரத்தை மட்டும் மாற்றினால் போதுமென்றால் சோற்றை மறுபடி வேகவைக்காதீர்கள். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள், படத்தைத் தொடாமலேயே கொள்கலனை மாற்றித் தரும். மறுகுறியாக்கம் பெரும்பாலும் தரத்தைக் குறைக்கும்.

6. மூலத்தை எறியாதீர்கள். பேழை, மினிடிவி, குறுவட்டு, எதுவாயினும். ஒரு மணிநேர மினிடிவி பதிவைச் சிதைக்காமல் கணினியில் வைக்க ஏறத்தாழ 13 கிகாபைட் போதும். இன்றைய வன்தட்டுக்கு அது தூசு. அவ்வாறு ஏற்றியதை இரண்டு இடங்களில் வையுங்கள், பேழையையும் வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பீடோங், சுங்கைப்பட்டாணி, குருண் என்று எங்கு குடிபெயர்ந்திருந்தாலும் உங்கள் வீட்டு அலமாரியில் தோட்டத்துத் திருவிழாப் பேழை ஒன்று கிடக்கக்கூடும். காந்த நாடா ஆண்டுக்காண்டு நலிகிறது; ஓட்டும் கருவியும் அருகிவிட்டது. விரைந்து ஏற்றுங்கள், ஆனால் சரியாக ஏற்றுங்கள். கடையில் கொடுப்பதானால், படச்சட்ட வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். விடை தெரியாதவரிடம் பேழையை ஒப்படைக்காதீர்கள்.

நம் தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. படமெடுக்கப்பட்டது அதனினும் குறைவு. எஞ்சியதையும் கவனக்குறைவால் நாமே விக்கவைத்து, பிறகு கணினிமேல் பழிபோட்டுப் புதிய கணினிக்குப் பிள்ளைகளிடம் காசு கேட்பது முறையாகுமா?

சிந்திப்போம்.