பூச்சி கடித்தது என்றார்கள்

தை பிறந்துவிட்டால் மேலூர்ப் பக்கத்துக் களத்துமேடுகளில் இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். பெரியாற்றுக் கால்வாய் நீரில் விளைந்த நெல்லை அடித்துக் குவித்து, விலைபோகும் வரையில் குவியலுக்கு அருகிலேயே படுத்துக் காவல் காப்பர். நெல் இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடி வரும் உயிரும் உண்டு.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், குருப்பட்டம் பெற்ற புதிதில், நாம் அப்பகுதிப் பங்கு ஒன்றில் பணியாற்றி வந்தோம். ஒரு நாள் விடியற்காலை நான்கு மணியளவில் யாரோ கதவைத் தட்டினார்கள். பன்னிரண்டு வயது மகனைத் தோளில் சாய்த்தபடி ஒரு தந்தை நின்றுகொண்டிருந்தார். இருவரும் களத்தில் வைக்கோல் விரித்துப் படுத்திருந்தார்களாம். நடுச்சாமத்திற்குப் பின் பையன் வயிறு வலிக்கிறதென்று எழுந்தானாம். "ஏதோ பூச்சி கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னான் சாமி. பாத்தா காயம் ஒண்ணையும் காணோம்" என்றார். நாமும் விளக்கைப் பிடித்துக் கை கால்களைப் பார்த்தோம். தடமும் இல்லை, வீக்கமும் இல்லை. பொங்கல் விருந்தின் அசீரணம் என்று நாமே முடிவு செய்து, அலமாரியிலிருந்த ஓமத்திரவத்தில் இரண்டு கரண்டி கொடுத்து, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவைத்தோம். ஆண்டுக்கணக்கில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்குக் கட்டுவிரியனைப் பற்றி ஓரெழுத்தும் தெரிந்திருக்கவில்லை.

காலைத் திருப்பலி முடிவதற்குள் மீண்டும் வந்துவிட்டார்கள். பையனின் இமைகள் தாமாகவே சரிந்து விழுந்தன. நாக்குக் குழறியது, எச்சிலை விழுங்க முடியவில்லை. பூசைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற செவிலித்தாய் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், "சாமி, இது வயித்துவலி இல்லே, கட்டுவிரியன்" என்றார். அந்நாளில் 108 வண்டி கிடையாது. அது தமிழகத்திற்கு வந்தது 2008-இல்தான். அரிசி ஆலைக்காரர் ஒருவரின் ஜீப்பில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். யானைமலை கண்ணில் படும்போது மூச்சுத் தடுமாறத் தொடங்கியது. பையன் நினைவிழந்தான் என்றெண்ணி, ஓடும் வண்டியிலேயே அவஸ்தைப்பூசுதல் கொடுத்தோம். தந்தை வாய்விட்டு அழுதார்.

ஒன்பது நாட்கள் இயந்திரத்தின் துணையால் மூச்சுவிட்டுப் பையன் பிழைத்தான். பின்னர் ஒரு நாள் அவன் நம்மிடம் சொன்னதை இன்றளவும் மறக்க இயலவில்லை. ஜீப்பில் நாம் சொன்ன செபம் முழுவதும், தகப்பனாரின் அழுகையும் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். கண்ணைத் திறக்கவும் விரலை அசைக்கவும் மட்டும் முடியவில்லையாம். கட்டுவிரியனின் நஞ்சு அத்தகையது. அறிவைத் தொடாமல் தசைகளை இயக்கும் நரம்பு முனைகளை அது கெடுக்கிறது. முனைகள் கெட்டபின் நச்சுமுறி மருந்தாலும் அவற்றை மீட்க முடிவதில்லை. அவை மறுபடி தளிர்க்கும் வரையில் இயந்திரமே மூச்சுவிட வேண்டும். ஆகவேதான் நாம் ஓமத்திரவத்தில் போக்கடித்த அந்த இரண்டு மணி நேரத்திற்குக் கணக்கு உண்டு.

நம் மக்கள் இரவில் பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லார்; பூச்சி என்பர். இவ்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. படமெடுத்த அரவமே வளைந்து எல்லை காட்டியதால் ஆலவாய் என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊரன்றோ நமது மதுரை! மேற்கே மலைக்கும் நாகமலை என்றுதான் பெயர். ஆயினும் மருத்துவரிடமும் பூச்சி என்றே சொல்லிவிட்டால் அவர் குளவியையோ பூரானையோ எண்ணிவிடக் கூடும்.

உயிர் பறிப்பவை பெரும்பாலும் நான்கே. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவன. கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கி, இரத்தம் உறையும் தன்மையை இழந்து, சிறுநீரகமும் செயலற்றுப்போகும். உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற வறண்ட நிலத்தார் சிறிதென்று அலட்சியம் செய்யும் சுருட்டை விரியனும் இரத்தத்தையே கெடுக்கிறது. இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பதே விரியன் கடிக்கு மருத்துவர் செய்யும் எளிய சோதனை.

கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது இன்னும் நின்றபாடில்லை. அது இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே இழக்கச் செய்யும். பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பாம்பை அடித்துக் கொண்டுவரக் காலம் கழிப்பதும் அப்படியே. கடிபட்டவரை நடக்கவிடாமல், எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல அவ்வுறுப்பை மட்டையோடு தளர்வாகக் கட்டி, மோதிரம், காப்பு, கொலுசுகளைக் கழற்றி, உடனே கொண்டுபோக வேண்டும். மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் உண்டே என்பார்கள். நஞ்சற்ற பாம்புகளே மிகுதி. நச்சுப்பாம்பும் சிலவேளை நஞ்சிறக்காமல் கடிக்கிறது. மந்திரிப்பவரின் புகழ் இவற்றால் வந்தது. புனித சின்னப்பர் மால்தா தீவில் விரியன் கடித்தும் தீங்கடையவில்லை என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. ஆனால் அவர் வீங்குவார் அல்லது விழுந்து மடிவார் என்று அத்தீவினர் காத்திருந்ததும் அங்கேயே உள்ளது. மருத்துவரான லூக்கா எழுதியதல்லவா! அதைக் காட்டிப் பையனைக் கோவிலில் கிடத்துவோரை நாம் அனுமதிப்பதில்லை.

மருந்து வரும் வழியும் அறியத்தக்கது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்று பிழைப்பிழந்த இருளர் மக்கள், 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இந்நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. இம்மருந்தில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் சிற்றூரார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக ஆணையிட்டது. காலந்தாழ்ந்த ஆணை என்றே நாம் கருதுகிறோம்.

களத்தில் படுப்போர் கட்டிலோ, நான்கு பக்கமும் பாயின் அடியில் செருகிய கொசுவலையோ இன்றிப் படுக்கலாகாது. வரப்பில் டார்ச் விளக்கின்றி நடக்கலாகாது. வைக்கோலையும் விறகையும் வெறுங்கையால் அள்ளலாகாது.

நமது அலமாரியில் ஓமத்திரவம் இன்றும் இருக்கிறது. இரவில் வயிற்றுவலி என்று யாரேனும் வந்தால், புட்டியை எடுக்குமுன் எங்கே படுத்திருந்தாய் என்று கேட்டு, கண்ணிமையை உயர்த்தச் சொல்லிப் பார்க்கிறோம்.