சிங்கப்பூர் அருகில், சென்னை தூரம்!

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். அதாவது 1,800 மைல். முன்னாளில் நம்மவர் ‘ரஜூலா’ கப்பலின் தட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்து கடந்த இவ்வழியை, இன்று ஆகாய விமானம் நாலு மணி சொச்சத்தில் கடந்துவிடுகிறது. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், அண்ணாமலையின் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைவாசி ஒருவர் அவ்விமானத்தைப் பிடிக்கப் புறப்பட்டால் அவர் கதி என்ன? திருவண்ணாமலையிலிருந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர்தான். பஸ் பிரயாணத்துக்கே ஏறக்குறைய நாலு மணி நேரம் வேண்டும். சென்னைக் கடற்கரை–வேலூர் ரயில் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது நன்றே. எனினும், அது காட்பாடி, வேலூர் என்று சுற்றிச் செல்வதால் சுமார் ஆறு மணி நேரம் கொள்கிறது. கடல் கடப்பதினும் தலைநகரை அடைவது அரிதாயிருப்பது விந்தையன்றோ!

இதற்குப் பரிகாரம் புதிதன்று. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை போட 2006-07ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. அது முடிந்தால் இச்சுற்று ஒழியும். இன்றுவரை அப்பாதையில் வண்டி ஓடக் காணோம்.

பௌர்ணமிதோறும், கார்த்திகை தீபத்தன்றும் லக்ஷக்கணக்கில் திரளும் ஏழை ஜனங்கள் விமானம் ஏறி வருபவரல்லர். விமான நிலையங்களுக்குக் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதியையேனும் சர்க்கார் இப்பாதைக்குக் காட்டவேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இதை வற்புறுத்துவார்களாக.