மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங்காரர்தான் காரணமா?

எங்கள் திருப்பாச்சூர் பக்கத்தில் காக்களூர் சிட்கோ ஆகட்டும், கொஞ்சம் தள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆகட்டும், மோட்டார் எரிந்தால் சொல்கிற காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று "கரண்ட் ஏறி இறங்கிடுச்சு", இல்லையென்றால் "ரீவைண்டிங் சரியில்லை". மூன்றாவதாக ஒரு ஆசாமி சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறார். அவரை யாருமே சந்தேகப்படுவதில்லை. அவர்தான் டிரைவ்.

டிரைவ் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பம்பு, ஃபேன் ஓடும் இடத்தில் மின்சாரக் கட்டணத்தை நன்றாகவே குறைக்கும். அதற்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. சுவிட்சை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்தவர், 1969-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து முடித்தவர் (நம்ம ஊர்க்காரர்தான் என்று காலரைத் தூக்கிக்கொள்ளலாம் :-)). அந்த சுவிட்சின் பெருமையே வேகம்தான். வில்லங்கமும் அதில்தான்.

415 வோல்ட் லைனை டிரைவ் முதலில் டி.சி. ஆக்கும்போது அது சுமார் 590 வோல்ட் வரும். பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு மைக்ரோ வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் விருட்டென்று எழும்பும். இந்த அலை கேபிளில் ஓடி மோட்டாரில் முட்டி, சுவரில் மோதிய கடலலை மாதிரி உயரும். கேபிள் பத்து, இருபது மீட்டர் இருந்தாலே மோட்டார் முனையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதாவது 1,150 வோல்ட் வரைக்கும் போகலாம். அதில் பெரும்பங்கு காயிலின் முதல் சில சுற்றுகளின் தலையில் விழுகிறது.

அந்தச் சுற்றுகளுக்கு நடுவே இருப்பது மெல்லிய எனாமல் பூச்சு. வார்னிஷ் நிரம்பாத இடத்தில் துளி காற்று. 330 வோல்ட்டுக்குக் கீழே காற்றில் பொறி பறக்காது, அதைத் தாண்டினால் பறக்க வாய்ப்புண்டு. கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பொறிதான், ஆனால் ஒவ்வொன்றும் எனாமலைத் துளி அரிக்கும். பொறியில் பிறக்கும் ஓசோனும், ஈரத்தோடு சேர்ந்து உண்டாகும் நைட்ரிக் அமிலமும் கூடவே அரிக்கும். டிரைவ் வினாடிக்கு 4,000 துடிப்பு அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1 கோடியே 44 லட்சம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இது வெறும் எனாமல்.

கடைசியில் இரண்டு சுற்று ஒட்டிக்கொள்ளும், அந்த ஒரு வளையத்தில் பயங்கர கரண்ட் ஓடும், மோட்டார் போய்விடும். பார்ப்பவருக்கு "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே!" மெக்கர் வைத்துப் பார்த்திருந்தாலும் நல்லதாகவே காட்டியிருக்கும். அது காயிலுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இன்சுலேஷனைத்தான் சோதிக்கும், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நடப்பது அதற்குத் தெரியாது. அதற்கு சர்ஜ் டெஸ்ட் வேண்டும்.

தடயம் மோட்டாரைத் திறந்தால் தெரியும். ஓவர்லோடு என்றால் மூன்று ஃபேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருக்கும். ஒரு ஃபேஸ் வராமல் ஓடியிருந்தால் சில காயில் கருகி, சில புதுசாக இருக்கும். முதல் காயிலில் ஒரே ஒரு இடம் மட்டும் வெந்து, மற்றதெல்லாம் பளபளவென்று இருந்தால் டிரைவ் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். ஆனால் கம்பியைப் பிடுங்கி பழைய செம்புக்குப் போடுகிற அவசரத்தில் யாரும் போட்டோ கூட எடுப்பதில்லை. ரீவைண்டிங்காரர் சொந்தச் செலவில் மறுபடி சுற்றித் தருகிறார். அதுவும் அதே மாதிரி போகிறது. முதலாளிக்கு உற்பத்தி நஷ்டம், இவருக்குக் கெட்ட பெயர்.

என்னைக் கேட்டால் தப்பு கொட்டேஷனிலேயே ஆரம்பிக்கிறது. எவ்வளவு கரண்ட் மிச்சம் என்று ஒரு பக்கம் எழுதுகிறவர்கள், கேபிள் எத்தனை மீட்டர் என்று ஒரு வரி கேட்பதில்லை. இத்தகைய மோட்டார்களின் இன்சுலேஷனுக்கென்றே ஐ.இ.சி. 2014-ல் தனித் தரநிலை வெளியிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பழைய மோட்டாரில் புது டிரைவை மாட்டிவிட்டுப் போகிறார்கள். கேபிளைக் குறைக்க முடியாவிட்டால் டிரைவ் வெளியே வரும் இடத்தில் ஒரு ஃபில்டர் வையுங்கள். மறுபடி சுற்றும்போது டிரைவுக்கென்று வரும் கம்பியைக் கேளுங்கள், வார்னிஷ் காற்று இல்லாமல் இறங்கட்டும். அந்தக் கூடுதல் செலவை டிரைவ் வாங்கும் அன்றே அதன் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும், ரீவைண்டிங் கடை பில்லில் கழிக்கக் கூடாது.