மேவிபோசேத்தும் அவனுடைய கழுதையும்



மூளை முடக்குவாதத்தோடு வாழும் வாலிபர் ஒருவர் தசைகளைப் பலப்படுத்தப் பயிற்சி தொடங்கினால், நம் சபைகளில் அவர் கேட்பவை பெரும்பாலும் இரண்டு. “ஏன் தம்பி உடம்பை இப்படி வருத்திக்கொள்கிறாய்? கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்பது ஒன்று. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தைக் காட்டி, சரீரப் பயிற்சியால் பெரிய பலன் இல்லை என நினைவூட்டுவது மற்றொன்று. இரண்டும் அன்பினால் சொல்லப்படுகின்றன. ஆயினும் இரண்டும் அவருக்குத் தீங்கு செய்கின்றன என்பதே என் கருத்து.

மருத்துவர்கள் செரிபிரல் பால்சி என்றழைக்கும் இந்நிலை, பிறப்புக்கு முன்னரோ, பிறக்கும்போதோ, குழந்தைப் பருவத் தொடக்கத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பினால் வருவது. அந்தப் பாதிப்பு பின்னர் வளர்வதில்லை. அதன் விளைவைச் சுமப்பவை தசைகள். சிலருக்குத் தசை விறைத்து நிற்கும். சிலருக்குக் கை நினைத்த இடத்துக்குச் செல்லாமல் அலையும். சிலருக்கு நடை தள்ளாடும். இவற்றின் அடியில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு: அத்தசைகள் பலவீனமாயும் இருக்கின்றன. அதே தூரத்தை நடக்க அவர்களில் பலர் மற்றவர்களைவிட மிகுதியான சக்தியைச் செலவிடுகிறார்கள். ஆகவே நடுவயதை எட்டுமுன்பே நடை தளர்ந்துபோவோர் உண்டு. இளமையில் சேர்க்கும் பலம் அக்காலத்துக்கான கையிருப்பு.

ஒரு காலத்தில் சிகிச்சையாளர்களே இதற்குத் தடை சொன்னார்கள். விறைத்த தசைக்குப் பளு கொடுத்தால் விறைப்பு கூடும் என்று அஞ்சினார்கள். 1990களிலிருந்து வந்த ஆய்வுகள், முறையான பயிற்சியால் பலம் கூடுகிறது, அதனால் விறைப்பு கூடுவதில்லை என்று காட்டின. பலம் கூடிய அளவுக்கு நடை எப்போதும் சீராவதில்லை என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியைப் பரிந்துரைத்தது.

நடுங்கும் கையில் டம்பெல்லைத் திணிப்பதன்று இது. இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்ல, மணிக்கட்டில் சுற்றிக் கட்டும் எடையும் ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையுமே தொடக்கத்துக்குப் போதும். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல அமர்வதே சிலருக்குக் கடினமான பயிற்சி. நான்கு முறை செய்துவிட்டு ஓய்வெடுப்பார். (பார்த்து நிற்பவர்கள் கைதட்ட வேண்டாம். அவர் நம் சாட்சிக் கூட்டத்துக்காக அதைச் செய்யவில்லை.)

பவுலுக்கு வருவோம். அந்த அதிகாரத்தில் அவர் கண்டிப்பது விவாகத்தையும் உணவையும் விலக்கச் சொன்னவர்களை, சரீரத்தைப் பேணுகிறவர்களையல்ல. அடுத்த அதிகாரத்திலேயே தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பரிகாரம் சொல்கிறார். தேவபக்தியோடு ஒப்பிட்டுச் சிறிது என்றாரேயன்றி, பலனில்லை என்று சொல்லவில்லை. துணையின்றிக் கட்டிலைவிட்டு எழுவதும், இரவில் தனியே கழிவறைக்குச் சென்று வருவதும் பலருக்குச் சிறிய காரியங்கள். அவருக்கு அப்படியா?

மேவிபோசேத்தை நாம் அறிவோம். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து, இரு கால்களும் முடமானவன். தாவீது அவனைத் தன் பந்தியில் அமர்த்தியதோடு நம் பிரசங்கங்கள் முடிந்துவிடுகின்றன. இரண்டாம் சாமுவேல் 19ஆம் அதிகாரம்வரை வாசியுங்கள். அப்சலோமுக்குத் தப்பி ராஜா எருசலேமைவிட்டு ஓடிய நாளில் மேவிபோசேத் உடன் செல்லவில்லை. கழுதைக்குச் சேணம் வைத்து ஏறிவர நினைத்தேன், வேலைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று பின்னர் முறையிட்டான். அந்தச் சீபாவோ கழுதைகளோடு ராஜாவைச் சந்தித்து, எஜமான்மேல் பழி சொல்லி, அவனுடைய ஆஸ்தியையும் பெற்றிருந்தான். தாவீது மேலும் விசாரியாமல் நிலத்தை இருவருக்கும் பங்கிட்டான். மேவிபோசேத் சொன்னது மெய்யானால், ராஜபந்தியில் நாள்தோறும் உண்ட ஒருவன் நெருக்கடி நாளில் வாசலைத் தாண்டவும் இன்னொருவனின் நேர்மையையே நம்பியிருந்தான்.

நாமும் நன்றாகப் பந்தி போடுகிறோம். சக்கர நாற்காலியைத் தூக்க நான்கு பேர் ஓடி வருகிறோம். வீட்டில் அவரைத் தூக்குகிற தாய்க்கு எழுபது வயதாகும்போது? “எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் ஐயா?” என்பதே அத்தாய்மார் என்னிடம் கொண்டுவரும் ஜெபக் குறிப்பு. அதற்குக் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு, அவன் தானே எழுந்து நிற்க எடுக்கும் முயற்சியை அவிசுவாசம் என்பது நியாயமாகுமா? சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தலையில் கை வைக்குமுன் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள் என்கிறேன்.

ஆலயத்தின் பக்கத்து மண்டபம் வாரநாட்களில் பூட்டியே கிடக்கிறது. வரும் மாதம் முதல் செவ்வாயும் வெள்ளியும் காலை 6 மணிக்கு அதைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். சபையிலுள்ள இயன்முறை மருத்துவர்கள் இருவர் வர இசைந்திருக்கிறார்கள். வழுக்காத, கனமான நாற்காலிகள் ஆறு வேண்டும். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தத் தச்சர் ஒருவர் வேண்டும். துணைக்கு வருகிறவர்கள் காலணிகளை வாசற்படியில் குவித்து வைக்காதீர்கள், காலைத் தடுக்கும்.