உயிரை ரிட்டன் கிஃப்ட்டாகக் கொடுக்காதீங்க!

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பிறந்த நாள் விழா. கிளம்பும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு குட்டி பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பார்த்தால், ஃபைட்டர் மீன்! நீலமும் சிவப்புமாய் அவ்வளவு அழகு. பாவம், திரும்பக்கூட இடமில்லை. "எப்படி ரிட்டன் கிஃப்ட்?" என்று அந்த வீட்டம்மா பெருமையாய்க் கேட்டாங்க. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் பெருநாள் காசைச் சேர்த்து வைத்து இதே மீனை வாங்கி வந்தான். "ஃபில்டர் வேணாம், மோட்டார் வேணாம், டம்ளர்ல போட்டாக்கூட பொழைச்சுக்கும்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்களாம். நானும் நம்பி, காலி ஊறுகாய் பாட்டிலில் விட்டு ஜன்னலோரம் வைத்தேன். வாரம் ஒரு முறை பாட்டிலை சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றுவேன். சுத்தமாய் வைத்திருக்கிறேனாம்! இரண்டே மாதம். துடுப்பெல்லாம் கந்தலாகி, அடியிலேயே படுத்துக் கிடந்து செத்துப்போச்சு. "அது தூங்குதுன்னு நெனச்சோமேம்மா" என்று மகன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

புதுச்சேரியில் விலங்கியல் படிக்கும் அக்கா மகளிடம் புலம்பினேன். "சின்னம்மா, அதுக்குத் தலையில தனியா ஒரு உறுப்பு இருக்கு. மேல வந்து காத்தையும் குடிக்கும். அதனாலதான் கெட்ட தண்ணியிலயும் உடனே சாகாது. உடனே சாகாததால சொகமா இருக்குன்னு அர்த்தமா?" என்றாள். அதன் சொந்த ஊர் தாய்லாந்து. 2019ல் அந்த நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்திருக்கிறது. அங்கே வயல் தண்ணீரில் வாழ்கிற மீன். வயலில் ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு? நம்ம ஊறுகாய் பாட்டிலா அது!

இன்னொன்றும் சொன்னாள். இதே வகையில் காற்றைக் குடிக்கும் உறவுக்கார மீன் ஒன்று நம் பக்கத்து அரியாங்குப்பம் ஆற்றில் இருக்கிறதாம். 1831ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் குவியேவும் வலான்சியேனும் அதற்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்து 'குப்பானஸ்' என்று எழுதி வைத்தார்கள். கோட்டக்குப்பத்துக்காரியான எனக்கு அதைக் கேட்டதும் ஏதோ ஒட்டுறவு வந்துவிட்டது!

நான் செய்த தப்பு என்ன தெரியுமா தோழிகளே? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் அது சீக்கிரம் விஷமாகி மீனின் செவுளை எரிக்கும். அந்த விஷத்தை மாற்றுகிற நல்ல கிருமிகள் கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கும். நான் வாரா வாரம் சோப்புப் போட்டு அதைத்தான் துடைத்து எறிந்திருக்கிறேன். போதாததற்குக் குளோரின் தண்ணீர் வேறு!

அப்புறம் ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினோம். முக்கால்வாசி நிரப்பினாலே முப்பது லிட்டர் பிடிக்கும். மெதுவாய் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு செடி, துள்ளி விழாமலிருக்க மூடி. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி வேண்டும். வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரால் வாரம் கால்வாசி மட்டும் மாற்றுகிறேன். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், மீனுக்கு நல்லது. நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்! சூடு 24 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும் என்பதால் மார்கழிக் குளிரிலும் ஏ.சி. அறையிலும் கவனம் தேவை. வெயில் படும் ஜன்னலும் ஆகாது. எல்லாம் சேர்த்து ஒரு நல்ல புடவை விலைதான். என் வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், இப்போது தீனி போடுவதே அவர்தான்.

இத்தாலியில் ரோம் நகரில் 2005லேயே வட்டக் கிண்ணத்தில் மீன் வைக்கத் தடை போட்டார்கள். இங்கே 2017ல் மத்திய அரசு வண்ண மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டு வந்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொளத்தூர் மாதிரி இடங்களில் இதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன, அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. மீனோடு சேர்த்து "தொட்டி இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வாங்கும் நாமும் அதையே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். பென்சில் பாக்ஸ், கதைப் புத்தகம், செடி என்று பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆயிரம் இருக்கிறதே!

அன்றைக்கு வந்த மீனுக்குத் தனித் தொட்டி வைத்தாயிற்று. இரண்டும் ஆண், முகம் பார்த்தாலே சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்பதால் நடுவே அட்டை வைத்திருக்கிறேன். மறுநாளே தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் டப்பாவோடு வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு ஏது இடம்? ஆளுக்கு ஒரு வாளியும் வாதாம் இலையும் கொடுத்து, "அம்மாவை வரச் சொல்லு" என்று அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, கோட்டக்குப்பம்.