குழாய் வெடித்தால் காலனிக்கு யார் சொல்வது?

நல்லம்பள்ளிப் பக்கம் சாமந்தி பறிக்கக் கூலிக்குப் போகும் அக்கா ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "கேஸு கொழாய் வந்தா நெலத்துக்காரருக்குப் பணம் குடுப்பாங்களாம். அது வெடிச்சா எங்களுக்கு யாரு தம்பி வந்து சொல்லுவாங்க?" பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்தக் குழாயைப் பற்றி மேடை போட்டுப் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்டதில்லை.

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயு கொண்டுபோக கெயில் நிறுவனம் போட்ட திட்டம், கோவை முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் தூரம் விளைநிலங்களில் இறங்குவதாக இருந்தது. விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-ல் ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. 2022 ஏப்ரலில் இத்திட்டத்தை எதிர்த்த நம் வட்டத்து விவசாயி ஒருவர் உயிரிழந்த துயரம் சட்டமன்றம் வரை ஒலித்தது. விவசாயிகளின் போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் பேச்செல்லாம் பட்டாவைச் சுற்றியே நடந்தது.

1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உடைமையாளரிடமே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். குழாய்ப் பாதையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு, அத்துடன் பயிர், மரச் சேதத்துக்கான இழப்பீடு. இதெல்லாம் நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. கூலிக்குப் போகிறவருக்கு நிலத்தில் என்ன உரிமை? தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் ஒப்படை நிலத்துக்காரருக்கு அறிவிப்பாவது ஒழுங்காக வந்து சேருமா என்பதும் சந்தேகம்தான். நெடுஞ்சாலை ஓரம் என்ற மாற்று வழியையும் நாம் யோசிக்காமல்தான் கைதட்டினோம். சாலையோரப் புறம்போக்கில் குடியிருப்பது யார்?

ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலை கெயில் குழாய் வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டோடு எரிந்தார்கள். உலர்ந்த வாயு போக வேண்டிய குழாயில் ஈரமும் சேர்ந்து போய் இரும்பை அரித்ததாக விசாரணையில் தெரியவந்தது. கசிவு பற்றி முன்பே புகார் சொன்னோம் என்றார்கள் ஊர் மக்கள். தேநீர்க் கடைக்காரர் அடுப்புப் பற்ற வைத்தபோது தீப்பிடித்ததாக அன்றைய செய்திகள் கூறின. அவருக்குத் தன் கடைக்கு வெளியே என்ன பரவியிருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

வீட்டு சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும். அந்த நாற்றம் நம்மை எச்சரிப்பதற்காகவே கலக்கப்படுவது. நெடுந்தூரக் குழாயில் போகும் இயற்கை எரிவாயுவுக்குப் பொதுவாக வாசனை கிடையாது, நகர விநியோகத்துக்குப் பிரியும் இடத்தில்தான் அதைச் சேர்ப்பார்கள். எனவே காட்டில் களை எடுப்பவர் மூக்கை நம்ப முடியாது. தரையிலிருந்து 'உஸ்' என்ற சத்தம், காற்றில்லாத நேரத்தில் மண் பறப்பது, பச்சைப் பயிருக்கு நடுவே ஓரிடம் மட்டும் கருகிக் கிடப்பது, தேங்கிய நீரில் குமிழி: இவைதான் அடையாளங்கள். கண்டால் பீடி, தீப்பெட்டி கூடாது. வண்டியை அங்கே முடுக்கக் கூடாது. காற்று வரும் திசைக்கு விலகி ஓடி, தூரம் போன பிறகே போன் பேச வேண்டும். இவ்வளவுதான் பாடம். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

குழாய் ஒன்றும் பாதாளத்தில் இருப்பதில்லை, ஒரு மீட்டர் அல்லது சற்றுக் கூடுதல் ஆழம்தான். உலகெங்கும் குழாய் விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணம் தெரியாமல் தோண்டுவது. நம் ஊரில் தோண்டுகிறவர் யார்? ஜேசிபி ஓட்டும் பையன், போர்வெல் வண்டியோடு போகிறவர், நூறு நாள் வேலையில் வரப்பும் குட்டையும் வெட்டும் பெண்கள். பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். அவர்கள் கையில் குழாய் போகும் வரைபடம் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2010-லேயே அவசரகால விதிமுறைகளை வகுத்துவிட்டது. நிறுவனம் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும், மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து செயல்பட வேண்டும். ஆனால் திட்டம் ஆங்கிலக் கோப்பாக அலுவலகத்தில் இருந்தால் காலனிக்கு அது இல்லாததுதான். பணக்கார நாட்டிலும் இந்தக் கோளாறு உண்டு. 2010-ல் அமெரிக்காவின் சான் புரூனோவில் குழாய் வெடித்து 8 பேர் இறந்தபோது, வாயுவை நிறுத்தவே 95 நிமிடங்கள் ஆயின. தங்கள் ஊருக்கு அடியில் அப்படியொரு பெரிய குழாய் ஓடுவது உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்கே தெரிந்திருக்கவில்லை. அந்நாட்டு விதியில் நமக்கு வேண்டிய ஒரு வரி இருக்கிறது: குழாய் நிறுவனம் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அப்பகுதியில் கணிசமானோர் பேசும் மொழியிலும் மக்களுக்கு விளக்கியாக வேண்டும். இங்கே தமிழில் என்று எழுதினால் மட்டும் போதாது. எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு வாயால் சொல்ல வேண்டும், அதுவும் காலனிக்குள் வந்து.

2012 நவம்பர் 7-ல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். அது சாதிவெறி வைத்த தீ, இதனோடு ஒப்பிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் காலனிக்குப் போனாலும் தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப வழி இருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடுகிறது. பல இடங்களில் இல்லை.

மனு எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்க ஒரு பக்கம் போதும். நம் வட்டத்தில் குழாய் போகும், போகவிருக்கும் புல எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். நூறு நாள் வேலைக்கு இடம் குறிக்கும்போது அந்த வரைபடத்தைப் பாருங்கள். ஒத்திகை நடத்தினால் காலனியிலும் நடத்துங்கள், கூலிக்குப் போகிறவர்கள் வீடு திரும்பிய பின் மாலையில் நடத்துங்கள். கசிவு என்று கூலிக்காரர் ஒருவர் போன் செய்தால் எந்த எண்ணில், எந்த மொழியில், யார் எடுப்பார் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்த அக்கா தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.